சரக்கு: ஒன்றுமில்லை

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலை.
நான் அங்கே எடைமேடைக் கிராணி.
குலை லோரி ஏறும், சிவப்பு எண் எரியும்,
கார்பன் வைத்து மூன்று தாளில் எழுதுவேன்.
வெள்ளை லோரிக்கு, மஞ்சள் ஆபீசுக்கு,
ரோஸ் என் கோப்புக்கு.

தொண்ணூற்று மூன்றில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை,
பதினோரு லோரிக்கு நடுவே
என் நெஞ்சுயரம்கூட இல்லாமல்
வந்து நின்றது ஒரு கார்.
விலா இரண்டிலும் மீன் செவுளாய்க் கீறல்கள்.
ஃபெராரி என்றான் லோரி கிளீனர்,
சாமி பெயரைச் சொல்வதுபோல் மெதுவாக.

ஈப்போ தௌக்கே மகன் கியோங் சியூ இறங்கினான்.
இறங்கினான் என்றா சொல்வது?
தரையிலிருந்து எழுந்தான்.
கூடவே அவன் மச்சான், பழைய மாடல்காரன்.
இருவருக்கும் ஐந்நூறு வெள்ளிப் பந்தயம்.
பழசைத் திருத்திச் செய்த இந்தப் புதுசு
உண்மையில் இளைத்ததா,
உடுப்பு மட்டும் மாற்றியதா?
"எஞ்சினை ரெண்டு விரற்கடை கீழே இறக்கிட்டான் இத்தாலிக்காரன்"
என்று விரலை மடக்கிக் காட்டினான் எனக்கு.
நான் அவன் பார்க்கிங் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடைச் சரிவில் மூக்கு இடித்தது.
சன்னாசி தன் லோரியிலிருந்து
இரண்டு பலகை கொண்டுவந்து போட்டார்.
நாலு ஏக்கர்க்காரர். ஏழு வருடமாய்
"தாயி, உன் மேடை தின்னுது" என்பார்.
நான் மேனேஜரிடம் சொல்வேன்.
மேனேஜர் முத்திரைத் தாளைக் காட்டுவார்.
பிறகு எல்லோரும் சாயா குடிப்போம்.

முன்சக்கரம் மட்டும் ஏற்றினேன்: அறுநூற்று நாற்பது.
பின்சக்கரம் மட்டும்: தொள்ளாயிரத்து இருபது.
நெஞ்சை முதுகுப் பக்கம் வைத்துப் பிறந்த பிறவி.
முன் பானெட்டைத் திறந்தால்
ஒரு பெட்டி, ஒரு ஜோடி பேட்மிண்டன் மட்டை.

ஆக ஆயிரத்து ஐந்நூற்று அறுபது.
தௌக்கே மகன் குதித்தான்.
கையில் கம்பெனிப் புத்தகம், விரல் ஒரு வரியில்:
ஆயிரத்து அறுநூற்று முப்பது, டேங்க் நிறைய எண்ணெயோடு.
"புத்தகத்தைவிட எழுபது கிலோ கம்மி! பார்த்தியா?"
மச்சான் ஐந்நூறை எண்ணிக் கொடுத்தான்.

நான் அந்த வரியையே பார்த்தேன்.
இத்தாலிக்காரன் பொய் சொல்லியிருக்கலாம்.
ஆனால் கனத்தைக் கூட்டிப் பொய் சொல்லும் கார்க்காரன்
எந்த நாட்டில் இருக்கிறான்?
கல்யாணத் தரகன் பெண்ணின் வயதைக்
கூட்டியா சொல்வான்?

பேனா தானாகக் கணக்குப் போட்டது.
இதற்கே எழுபது என்றால்
பத்து டன் குலைக்கு நானூற்றுச் சொச்சம்.
லோரி ஒன்றுக்கு எண்பது வெள்ளி.
நாளைக்கு நாற்பது லோரி.
ஏழு வருடம்.
அதற்குமேல் பெருக்கவில்லை. கை வியர்த்தது.

தலை தூக்கினேன்.
சன்னாசி கண்ணாடிக்கு வெளியே நின்று
புத்தகத்தையும் எண்ணையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவருக்கு இங்கிலீஷ் வராது.
எண் வரும்.
வரிசையில் ஹாரன் ஒவ்வொன்றாய் நின்றது.

எழுதினேன்.
வாகனம்: கார்.
சரக்கு: ஒன்றுமில்லை.
நிகரம் என்ற கட்டத்தில் என்ன போடுவது?
கோடு போட்டேன்.
புத்தகத்திலிருந்த எண்ணை ஓரத்தில் எழுதி
வண்டிச் சொந்தக்காரர் கையெழுத்து கேட்டேன்.
சந்தோஷத்தில் இருந்தவன், பெரிதாகப் போட்டான்.

கார் போனது. பன்னிரண்டு சிலிண்டர்ச் சத்தம்
பாகான் டத்தோ சாலை வளைவுவரை கேட்டது.
மேடையில் அகல டயர் நசுக்கிய உதிரிப்பழம்
மஞ்சளாய் எண்ணெய் விட்டிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் கோப்பைப் புரட்டினார்.
ரோஸ் தாள் ஒன்று குறைகிறதே?
எலி தின்றுவிட்டது, துவான், என்றேன்.
எந்த எலி?

வெளியே அன்று ஒரு லோரிகூட
மேடை ஏறவில்லை.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
முப்பது எலிகள் நின்றுகொண்டிருந்தன.
முன்னால் நின்ற எலியின் சட்டைப் பையில்
ரோஸாய் ஒரு மூலை தெரிந்தது.